வாசலில் முக்கால் மணி நேரம்

என் மனைவி ஒரு வீட்டுக்குள் நுழைய அரை நிமிஷம் எடுத்துக்கொள்வாள். அங்கிருந்து கிளம்ப முக்கால் மணி நேரம். இதை நான் கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை. ரயில்வேயில் நேர அட்டவணை போடும் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். நேரத்தைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது.

எந்த வீடானாலும் நடப்பது ஒன்றுதான். கூடத்தில் உட்கார்ந்து, காபி குடித்து, அவர்கள் பிள்ளைகள் எந்த தேசத்தில் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் எழுந்து, "அப்ப கிளம்பலாமா?" என்பேன். அவளும் சமர்த்தாக எழுந்துவிடுவாள். குங்குமம் வாங்கிக்கொள்வாள், பையை எடுத்துக்கொள்வாள், "போயிட்டு வரேன்" என்றும் சொல்வாள். புதிதாகப் பார்ப்பவர்கள் அவள் கிளம்பிவிட்டதாக நம்பிவிடுவார்கள். நான் வெளியே போய் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு பார்த்தால், வாசல் கேட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்திருப்பாள். ஒரு கால் செருப்புக்குள் இருக்கும். இன்னொரு கால் இருக்காது. அந்த இன்னொரு கால் எப்போது செருப்புக்குள் போகும் என்று பார்த்துக்கொண்டு நின்றதிலேயே என் தலை நரைத்துவிட்டது.

முறைத்தால், "ஒரே நிமிஷம்னா" என்பாள்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு வாசலில் அந்த ஒரே நிமிஷத்துக்குள் மழை பிடித்து, பெய்து, விட்டு, ரோடும் காய்ந்துவிட்டது. ரோடு காயவில்லை, ஈரமாகத்தான் இருந்தது என்று அவள் கடைசிவரை சாதித்தாள்.

முப்பத்து நாலு வருஷக் கல்யாணத்தில் நாங்கள் போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். அவள் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள். ஆகையால் அவளிடம் எதற்கும் ஒரு தத்துவம் இருக்கும். இதற்கும் இருந்தது. "கூடத்துல உட்கார்ந்து பேசறதெல்லாம் செய்தி வாசிக்கற மாதிரின்னா. வாசல்லதான் மனுஷா பேசுவா" என்பாள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்தது கூடத்தில் சொல்லப்படும். அந்தப் பிள்ளை ஆறு மாசமாக போன் பண்ணவில்லை என்பது வாசலில்தான் வெளியே வரும். முட்டி வலி, மாட்டுப்பெண்ணோடு மனஸ்தாபம், டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவள் ஒரு காலில் செருப்போடு நின்று கேட்டவைதான். அழ ஆரம்பித்தவர்களைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் இரண்டாவது செருப்பைப் போட்டுக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்கு மூலப்பொருள் பெரும்பாலும் நான்தான். ரோட்டில் நிற்கும் என்னைக் காட்டி, "அவர்தான் எங்காத்து கால் டாக்ஸி. வண்டி நன்னா ஓடும், வெயிட்டிங்லதான் சூடாயிடும்" என்பாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொல்வாள்.

ஒரு தடவை கே.கே. நகரில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். பனகல் பார்க் வரை வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்தில் தி. நகரில் ஒரு ஸ்கூட்டர் முன்னால் நகர்வதற்கே பூர்வ ஜென்மத்தில் புண்ணியம் பண்ணியிருக்கவேண்டும். பின்னாலிருந்து தோளில் தட்டினாள்.

"ஏன்னா, வண்டியைத் திருப்புங்கோ."

"என்ன, பர்ஸை விட்டுட்டியா?"

"இல்லை. உள் ரூம்ல அவா மாமனார் இருந்தாரே, அவர்கிட்ட சொல்லிக்கலை."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பேப்பர் பற்றிக்கொள்ளும். "ஆத்துக்குப் போய் போன் பண்ணிச் சொல்லிக்கோயேன்" என்றேன்.

"அவருக்குக் காது கேக்காதுன்னா."

திருப்பினேன். வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன். அந்தக் கிழவருக்கு நாங்கள் வந்ததே தெரியாது என்று அடித்துச் சொன்னேன். போய்ப் பார்த்தால், அவர் கட்டில் ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்து, உள்ளே எட்டிப் பார்ப்பார்கள் என்று சட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. திரும்பி வரும்போது அவள் செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

என் பழக்கமெல்லாம் அவளுக்கு நேரெதிர். நேரமானால் எழுந்து வந்துவிடுவேன், சொல்லிக்கொள்ள மாட்டேன். போன வருஷம் ஒரு கிருகப்பிரவேசத்தில் அப்படித்தான் சாப்பிட்டுக் கையலம்பி நேராக ஸ்கூட்டருக்கு வந்துவிட்டேன். அன்று அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "சொல்லிக்காம எழுந்து வரதுக்கு நீங்க என்ன பூனையா?" என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. இனிமேல் போகிற முதல் வீட்டில், இவள் வாயடைத்துப் போகிறமாதிரி, முறையாகச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவது என்று வைராக்கியம் வைத்தேன். நல்ல வைராக்கியம்தான். ஆனால் அப்படி நாங்கள் போன முதல் வீடு துக்க வீடாக இருந்தது.

மாம்பலத்தில் அவளுடைய அத்தையின் கணவர் தொண்ணூற்றொரு வயதில் காலமாகியிருந்தார். செவ்வாய், வெள்ளி பார்த்துத் தவிர்த்து, ஐந்தாம் நாள் துக்கம் கேட்கப் போனோம். துக்க வீட்டின் விதிகள் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். உள்ளே வருகிறவர்களை யாரும் "வாங்கோ" என்று சொல்லமாட்டார்கள். வந்தவரும் எழுந்திருக்கும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து, பேசாமல் வெளியே வந்து, வீட்டுக்குப் போய்க் குளிக்கவேண்டும். யோசித்துப் பார்த்தால், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் மரியாதை என்று உலகத்தில் ஒரே ஓர் இடம் உண்டு. வாழ்நாள் முழுக்க நான் பழகிவைத்திருந்தது அந்த இடத்துக்குத்தான்.

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். காலமானவரின் பிள்ளை, இவளுடைய அத்தான், பாயில் உட்கார்ந்திருந்தார். அரை மணி ஆனதும் இவள் கண்ணைக் காட்டினாள். நான் எழுந்தேன். வைராக்கியம் ஞாபகம் வந்தது. நேராக அத்தானிடம் போய், குனிந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"அப்ப போயிட்டு வரேன். ரொம்ப நாள் கழிச்சு எல்லாரையும் ஒண்ணாப் பார்த்தது சந்தோஷமா இருந்தது. அடுத்தது நம்மாத்துலதான். எல்லாரும் குடும்பத்தோட அவசியம் வரணும்."

அத்தான் பண்பானவர். யார் அழைத்தாலும் என்ன பதில் சொல்வாரோ அதையே பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார். "அதுக்கென்ன, கட்டாயம் வரோம்."

அதற்குப் பிறகுதான் கூடத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. திரும்பி இவளைப் பார்த்தேன். புடவைத் தலைப்பால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த வயதான மாமி ஒருத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழாதேடி கொழந்தே, கல்யாணச் சாவு, மகராஜனாப் போயிருக்கார்" என்றாள். அதைக் கேட்டதும் இவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். எப்படியோ அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். முக்கால் மணி நேரம் நிற்காமல் அவள் கிளம்பியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டரில் ஏறியதும் வெடித்தாள். துரைசாமி சப்வேக்குள் நுழைந்தபோது அவள் சிரிப்பு சுவரில் மோதி எதிரொலித்தது. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், அம்மாவுக்கு எதுனா ஆய்டிச்சா?" என்று விசாரித்தார். பனகல் பார்க் ஓரம் வண்டியை நிறுத்தி, "இப்ப என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு, "இல்லைன்னா, அத்தனை பேரும் வந்தா நம்மாத்துல நாற்காலி போறாதே" என்றாள்.

அடுத்த ஐந்து நாளில் இந்தக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கள் பெண்ணுக்குப் போனில் சொன்னாள். மாடி வீட்டுக்காரர்களுக்குச் சொன்னாள். இஸ்திரி போடுகிறவர் துணியை மடித்து வைத்துவிட்டு, உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் என் குரல் கொஞ்சம் கட்டையாகிக்கொண்டே போனது, அத்தானின் முகம் இன்னும் அப்பாவியாகிக்கொண்டே போனது. இனி ஒருத்தரிடமும் சொல்லக்கூடாது என்று கறாராகச் சொன்னேன். "அடையாறுக்கு மட்டும்னா. அதோட நிறுத்திக்கறேன்" என்றாள்.

அடையாறு என்றால் அவளுடைய தோழி. கல்லூரியிலிருந்து தொடர்ந்த சினேகம். இவள் கதை சொல்லி அவர் கேட்பது ஒரு கச்சேரி. நல்ல கதை எதுவானாலும் அவருக்கென்று எடுத்துவைத்துவிடுவாள். ஆறாம் நாள் அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. நான் நிம்மதியாக வெளியே வந்து ஸ்கூட்டரைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தால் கேட்டில் ஒரு கை. "எங்காத்துக்காரர் மாம்பலத்துல எழுந்து நின்னு, அத்தான் கையைப் பிடிச்சுண்டு" என்று ஆரம்பித்திருந்தாள்.

ஹாரனை அழுத்தினேன். சாதாரணமாக அடிப்பதுபோல இல்லை. விடாமல், அந்தத் தெரு நாய்கள் எழுந்து நிற்கிறவரை அழுத்தினேன். பசியும் ஒரு காரணம்தான். நிஜக் காரணம், அந்த வாக்கியம் முடியக்கூடாது என்பது. அவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். தோழியின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஏறிவிட்டாள். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட இல்லை. அடையாறு பாலத்தில் வரும்போது, "கோபமா?" என்று கேட்டாள். நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன். வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டதும் சமாதானமாகிவிட்டோம். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்.

அதற்கு நாலாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று உள்ளே போனாள். மூன்று மணிக்குக் காபி போட்டுக்கொண்டு போய் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். கேட்டில் கை வைத்தால் முக்கால் மணி நேரம் நகராதவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைப் பூனை என்று சொன்னவள்.

மாம்பலத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள், குடும்பத்தோடு. அத்தான் வாக்குத் தவறாதவர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் போதாமல் மாடி வீட்டிலிருந்து வாங்கிவந்து போட்டார்கள். அவள் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

அன்றிலிருந்து எனக்குள் ஒன்று உட்கார்ந்துவிட்டது. துக்க வீட்டில் நான் சொன்ன வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். ரயில்வேயில் இருந்தவன், நாலு விஷயம் படித்தவன், இதையெல்லாம் நம்பலாமா என்று பகலில் கேட்டுக்கொள்வேன். சாயங்காலம் ஆனால் நம்புவேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவளுடைய கடைசி வாசலைக் கெடுத்தவன் நான்தான். ஆசை ஆசையாகத் தோழிக்கென்று எடுத்துவைத்த கதையை நடு வாக்கியத்தில் நிறுத்தியது என் கட்டைவிரல். ஸ்கூட்டரை நான் விற்கவில்லை, எடுக்கவும் இல்லை. வருஷம் ஆகும்வரை யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்று ஒரு சாஸ்திரத்தை நானே உண்டாக்கிக்கொண்டு வீட்டில் இருந்தேன். பெண் கேட்டபோது, அது பழைய வழக்கம், உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவளுடைய முதல் வருஷத் திதி, வருஷாப்திகம், முடிந்த வாரம் அடையாறிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. "உங்களை ஒரு விஷயம் கேட்கணும். சௌகரியப்பட்டபோது வாங்கோ."

என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அன்னிக்கு ஏன் அப்படி ஹாரன் அடிச்சேள், அவளை ஒரு வார்த்தை பேச விட்டிருக்கக்கூடாதா என்றுதான் கேட்பார். கேட்கட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியவன்தான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். போக வர ஒரே ஆட்டோவாகப் பேசிக்கொண்டு கிளம்பினேன்.

காபி கொடுத்தார். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று சொன்னார். என் சர்க்கரை அளவை விசாரித்தார். இருபது நிமிஷம் ஆயிற்று, கேட்கவேண்டியதை மட்டும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று எழுந்தேன். அவரும் கூடவே வாசலுக்கு வந்தார். நான் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தபோது, கேட்டில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்னிக்கு இங்கேதான் நின்னுண்டிருந்தா."

"அந்த ஹாரன் அடிச்சது என் தப்பு. நீங்க மன்னிக்கணும்" என்றேன். ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

"ஹாரனை விடுங்கோ. முப்பது வருஷமாக் கேட்டிண்டிருக்கேன் அந்த ஹாரனை. போறச்சே என் காதுல ஒண்ணு சொல்லிட்டுப் போனா. 'மிச்சத்தை அவரையே கேளு. அவர் வாயால கேட்டாத்தான் நன்னா இருக்கும். கோபம் வந்தா இன்னும் நன்னா இருக்கும்'னா. இதை எப்படிப் போய் உங்ககிட்ட கேக்கறதுன்னு தெரியாம ஒரு வருஷமா உட்கார்ந்துண்டிருக்கேன். அத்தான் கையைப் பிடிச்சுண்டு என்னதான் சொன்னேள்?"

எனக்கு என்று ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். நான்தான் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சொன்னேன். முதலில் சுருக்கமாக முடிக்கப் பார்த்தேன். சரியாக வரவில்லை. கிருகப்பிரவேசத்திலிருந்து ஆரம்பித்தேன். பூனையைச் சொன்னேன், வைராக்கியத்தைச் சொன்னேன். கேட்டையே அத்தானாக வைத்துக்கொண்டு, குனிந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, அவள் எனக்குக் கொடுத்திருந்த அந்தக் கட்டைக் குரலிலேயே, "அடுத்தது நம்மாத்துலதான். எல்லாரும் குடும்பத்தோட அவசியம் வரணும்" என்றேன். "கட்டாயம் வரோம்" வந்ததும் தோழி கேட்டில் சாய்ந்துவிட்டார். வயதான மாமி முதுகைத் தடவியதைச் சொன்னபோது கையைக் காட்டி, போறும் போறும் என்றார். எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அப்புறம்? வந்தாளா எல்லாரும்?" என்று சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டுவிட்டார். கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"வந்தா. எல்லாரும் வந்தா. நாற்காலிதான் போறலை" என்றேன்.

சொல்லிவிட்டுச் சிரித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. பாதியில் அது அழுகையாகிவிட்டது, நான் மறைக்கவும் இல்லை. வாசலில் நிற்கிற தைரியத்தில் மற்றதையும் சொல்லிவிட்டேன். "என் வாய்முகூர்த்தம்தான் அவளைக் கொண்டுபோயிடுத்தோன்னு இருக்கு எனக்கு."

அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வாய்க்கு அவ்வளவு சக்தியா? முப்பத்து நாலு வருஷம் 'கிளம்பு, கிளம்பு'ன்னு கத்தினேளே, ஒரு நாளாவது கிளம்பினாளா?"

நேர அட்டவணை போட்டவனுக்கு இந்தக் கணக்கு ஒரு வருஷமாகத் தோன்றவில்லை.

தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரர் அதற்குள் வண்டியைக் கேட்டருகே கொண்டுவந்து, "இன்னா சார், போலாமா? அரை அவரா நின்னுகினு இருக்கேன்" என்றார். பதறிப்போய் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி கிளம்பிவிட்டது. கண் எரிந்தது. அடையாறு பாலத்தின் நடுவில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் ஞாபகம் வந்தது.

"வண்டியைத் திருப்புப்பா."

"பாலத்து மேல எப்டி சார்? இறங்கினப்பறம் யூ டர்ன் போட்டுக்கலாம். இன்னா, எதுனா வுட்டுட்டு வந்துட்டியா?"

"அவாகிட்ட சொல்லிக்கலை."

"இன்னா சொல்லலை?"

"போயிட்டு வரேன்னு சொல்லிக்கலைப்பா."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதுக்கோசரம் திரும்பணுமா? போன் பண்ணிச் சொல்லேன் சார்."

அந்த இடத்தில் கோபப்பட எனக்கு வாயே இல்லை. "திருப்புப்பா" என்று மட்டும் சொன்னேன்.

நாங்கள் திரும்பி வந்து சேரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தோழி உள்ளே போகவில்லை. கேட்டில் கை வைத்தபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அவளும் பாதி வழியில திரும்பி வருவா. அதான் கதவைச் சாத்தலை" என்றார்.

இறங்கினேன்.

"போயிட்டு வரேன்" என்றேன்.